லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனால்: எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது இணையத்தில் டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) தேடி இறங்குவது. அதுவும் பலிக்காவிட்டால், "விண்டோஸை மாத்திப் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொல்வதைக் கேட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. இரண்டுக்குமே சில நேரம் தேவை வரும். ஆனால் இரண்டுமே வரிசையில் கடைசிப் பக்கம் நிற்க வேண்டியவை. கடலூரில் லேப்டாப் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: "சவுண்ட் சிப் போச்சு" என்ற தீர்ப்போடு வந்து சேரும் லேப்டாப்களில் நிறையவற்றில் சிப் நன்றாகவே இருக்கும்.

கரண்ட் போனால் உடனே ஃபியூஸைக் கழற்ற மாட்டோம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். இங்கேயும் அதையேதான் செய்யப் போகிறோம். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதையும் கழற்றவோ அழிக்கவோ கூடாது.

சத்தம் வரும் வழியை ஒருமுறை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பாட்டை ஓட்டும் செயலி, அதாவது பிரவுசரோ விஎல்சியோ ஜூமோ. அடுத்து விண்டோஸின் ஆடியோ சர்வீஸ். அதற்குக் கீழே டிரைவர். அப்புறம் மதர்போர்டில் இருக்கும் கோடெக் என்ற சிறு சிப். எண்களாக வருவதை மின் அலையாக மாற்றுவது அதுதான், பெரும்பாலான லேப்டாப்களில் ரியல்டெக் நிறுவனத்துடையது. அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபயர், கடைசியாக மெல்லிய ஒயர்களும் ஸ்பீக்கரும். ஹெட்போன் ஜாக் இதில் பக்கவாட்டில் பிரியும் கிளை. அந்தக் கிளையைப் பற்றிப் பிறகு நிறையப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் கடலோர ஊர்களில் அதிகம் கெடுவது அதுதான்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

கடைசியாகச் சத்தம் கேட்டதற்கும் நின்றுபோனதற்கும் நடுவில் என்ன நடந்தது? இதை உண்மையாக யோசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். டிவியிலோ புரொஜெக்டரிலோ இணைத்தீர்களா? புதிதாக புளூடூத் இயர்பட்ஸ் வாங்கினீர்களா? இரவில் விண்டோஸ் அப்டேட் ஓடியதா? கடையில் எஸ்எஸ்டி போட்டு, ஃபேன் சுத்தம் செய்து வாங்கி வந்தீர்களா? தண்ணீர் பட்டதா, கீழே விழுந்ததா? பதிலை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். பதில் தெளிவாக இருந்தால் அந்தப் படிக்கு நேராகத் தாவிப் போகலாம்.

படி 1: உண்மையான ரீஸ்டார்ட்

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்பது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் அடிப்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் சேமித்து வைத்து, மறுபடி ஆன் செய்யும்போது அப்படியே எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் ஆன் ஆவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஆடியோ டிரைவர் கோணலாக மாட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோணலும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். அதனால் ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் என்பதையே அழுத்துங்கள்.

அதிலும் வரவில்லையா? ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் மாட்டியிருக்கும் மற்ற ஒயர்களையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். போர்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, சிக்கிக்கொண்ட கோடெக்கோ ஆம்ப்ளிஃபயரோ புதிதாகத் தொடங்கும். மந்திரம் போலத் தெரிந்தாலும் இது நிஜமாகவே வேலை செய்கிற சிகிச்சை, காசும் இல்லை.

படி 2: மியூட், அதன் ஒளிந்திருக்கும் தம்பிகள்

விசைப்பலகையின் மேல் வரிசையில் மியூட் சாவி இருக்கும். பல டெல், லெனோவோ மாடல்களில் எஃப்1. ஹெச்பியில் எஃப்5 அல்லது எஃப்6. சிலவற்றில் அந்தச் சாவியிலேயே ஒரு சின்ன விளக்கு இருக்கும்; அது எரிந்தால் மியூட்டில் இருக்கிறது என்று பொருள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக்கோடு போட்டிருந்தால் அதன் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். மியூட் என்று வந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஆடியோ அவுட்புட் டிவைஸ் எதுவும் இல்லை என்று வந்தால், இந்தப் படியையும் அடுத்த மூன்றையும் விட்டுவிட்டு டிரைவர் படிக்குப் (படி 6) போங்கள்.

மியூட் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். யூடியூப் பிளேயருக்குள் ஒன்று. பிரவுசர் டேபுக்கு ஒன்று. குரோமில் டேபின் மேல் ரைட் கிளிக் செய்தால் அந்தத் தளத்தின் மியூட்டை எடுக்கும் வசதி தெரியும். விண்டோஸின் வால்யூம் மிக்ஸரில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக ஒன்று. ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்து, எந்தச் செயலி பூஜ்யத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் செயலிக்கென்று தனி வெளியீட்டுச் சாதனமும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். எல்லாவற்றிலும் சத்தம் வந்து ஒரே ஒரு செயலியில் மட்டும் வராவிட்டால் பதில் பெரும்பாலும் இந்த மிக்ஸரில்தான் இருக்கும்.

ஆன்லைன் வகுப்புக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஜூமில் நுழைந்து ஆடியோவில் சேரும் பட்டனை அழுத்தாமல் விட்டால் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே காது கேட்காது. அதற்குள்ளேயே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலும் தனியாக உண்டு. விண்டோஸில் நீங்கள் மாற்றியதை அது மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்னொன்று, கால் வரும்போது மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. மீட்டிங் நேரத்தில் பாட்டு முணுமுணுப்பாகக் கேட்டால் காரணம் இதுதான். சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவலில் ஒன்றும் செய்யாதே என்பதைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று.

படி 3: சத்தம் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறதா?

"அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. இன்னிக்கு சத்தமே வரல."

"நேத்து டிவியில மாட்டினியா தம்பி?"

"ஆமாண்ணே, மேட்ச் பார்த்தோம்."

இந்த உரையாடலுக்கு விளக்கம் தேவையில்லை. எச்டிஎம்ஐ ஒயர் சத்தத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகும். மாட்டியதும் விண்டோஸ் டிவியையே ஸ்பீக்கராக ஏற்றுக்கொள்ளும். ஒயரைக் கழற்றினால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சில நேரம் திரும்பாது. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டரில் மாட்டியிருந்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் படம் தெரியும், விண்டோஸும் சத்தம் போகிறது என்றே காட்டும். புதுச்சேரி கல்லூரிகளில் புரொஜெக்டரில் மாட்டி செமினார் எடுத்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும்.

புளூடூத்தும் இப்படித்தான். பையில் கிடக்கும் இயர்பட்ஸ், அதன் பெட்டி சரியாக மூடாததால் லேப்டாப்போடு இணைந்தே இருக்கும். பாட்டு பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 11-ல் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டதும் வரும் வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள், அல்லது விண்டோஸ், கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10-ல் வால்யூம் கோட்டுக்கு மேலேயே சாதனத்தின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் பட்டியல் விரியும். ஸ்பீக்கர்ஸ் என்று தொடங்கி ரியல்டெக் போன்ற பெயரோடு வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் தீர புளூடூத்தையே அணைத்துவிட்டுப் பாருங்கள்.

படி 4: வழியை இரண்டாகப் பிரிக்கும் சோதனை

இதுவரை செய்தது மேலோட்டமான தேடல். இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான், ஐந்து நிமிடம் கூட ஆகாது. சாதனமே இல்லை என்று விண்டோஸ் சொன்னால் தவிர, இதைச் செய்யாமல் டிரைவரைத் தொடாதீர்கள்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட் என்று போங்கள். விண்டோஸ் 11-ல் கடைசியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்றும், விண்டோஸ் 10-ல் சவுண்ட் கண்ட்ரோல் பேனல் என்றும் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் ஒரு சிறிய பழைய பாணிப் பெட்டி வரும். பிளேபேக் தாவலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வலப்பக்கம் சிறு பட்டைகள் நிற்கும். ஏதாவது பாட்டை ஓடவிட்டு அந்தப் பட்டைகளைப் பாருங்கள்.

ஸ்பீக்கருக்கு நேராகப் பச்சை ஏறி இறங்கினால் செயலியும் விண்டோஸ் சர்வீஸும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. கோளாறு அதற்குக் கீழே: டிரைவர், கோடெக், ஜாக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இவற்றில் ஒன்று. வேறொரு சாதனத்துக்கு நேராகப் பச்சை ஆடினால் நீங்கள் இன்னும் படி 3-லேயே நிற்கிறீர்கள். எதிலும் பச்சை இல்லையென்றால் மேல் பாதியில் கோளாறு, படி 5.

இப்போது ஒரு ஒயர் இயர்போனை மாட்டுங்கள். போனில் மாட்டி வேலை செய்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சண்டே மார்க்கெட்டில் வாங்கியதை நம்பி லேப்டாப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். இயர்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் வராவிட்டால், கோடெக்கும் டிரைவரும் அநேகமாக நலம். இனி விண்டோஸை அழித்துப் போட்டால் வீண் வேலைதான். படி 8-க்குப் போங்கள். இயர்போனிலும் ஸ்பீக்கரிலும் வராமல் பச்சை மட்டும் ஆடினால் டிரைவர், இல்லாவிட்டால் கோடெக்.

அடுத்து புளூடூத் ஸ்பீக்கரோ இயர்பட்ஸோ இணைத்துப் பாருங்கள். புளூடூத் சத்தம் உள்ளே இருக்கும் கோடெக் வழியாகப் போகாது. அதில் வந்து மற்ற இரண்டிலும் வராவிட்டால் மேல் பாதி முழுவதும் சரி என்பது உறுதி.

படி 5: விண்டோஸ் பக்கம்

ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலில் விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர் என்பதைக் கண்டுபிடியுங்கள். ரைட் கிளிக், ரீஸ்டார்ட். விண்டோஸ் ஆடியோ என்ற இன்னொரு சர்வீஸ் இதை நம்பியே ஓடுகிறது. அதையும் சேர்த்து நிறுத்தித் தொடங்கட்டுமா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். இரண்டின் ஸ்டார்ட்அப் வகையும் ஆட்டோமேட்டிக் என்று இருக்க வேண்டும். "கம்ப்யூட்டரை வேகமாக்கும்" மென்பொருள்கள் சில இவற்றை அணைத்து வைத்துவிடும்; அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

பிறகு அதே பழைய சவுண்ட் பெட்டியில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். லெவல்ஸ் தாவலில் பேலன்ஸ் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருபவர்களுக்குப் பல நேரம் இங்கேயே விடை இருக்கும். எஃபெக்ட்ஸ் அல்லது என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருப்பதை முழுக்க அணையுங்கள். அட்வான்ஸ்டு தாவலில் 24 பிட், 192000 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக ஏதாவது இருந்தால் 16 பிட், 48000 ஹெர்ட்ஸுக்கு இறக்கி டெஸ்ட் அழுத்துங்கள். கரகரப்பு, திக்கல் இருந்தாலும் முதல் மருந்து இவையே.

விண்டோஸின் தானியங்கி ட்ரபிள்ஷூட்டரை ஓடவிடுவதில் தவறில்லை. ஆனால் அது செய்வதில் பெரும்பகுதி மேலே நீங்கள் கையால் செய்ததுதான்.

படி 6: இப்போது டிரைவர்

ஸ்டார்ட்டில் டிவைஸ் மேனேஜர் என்று தேடித் திறந்து, சவுண்ட், வீடியோ, கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற பகுதியை விரியுங்கள். சாதனத்தின் மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். எனேபிள் செய்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து கோட் எண்ணைப் பாருங்கள். கோட் 10 என்றால் சாதனம் தொடங்க முடியவில்லை. கோட் 28 என்றால் டிரைவரே இல்லை.

ஆடியோ சாதனமே அந்தப் பகுதியில் காணவில்லை என்றால் சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். புதிய இன்டெல் லேப்டாப்களில் கோடெக்குக்கு முன்னால் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி என்ற இன்னொரு அடுக்கு இருக்கிறது. அது சிஸ்டம் டிவைசஸ் பகுதியில் உட்கார்ந்திருக்கும். அதன் டிரைவர் இல்லாவிட்டால் ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. புதிதாக விண்டோஸ் போட்டு சத்தம் வராத லேப்டாப்களில் இதைத்தான் முதலில் தேடுவேன்.

அப்டேட்டுக்குப் பிறகு நின்றதா? சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் தாவலுக்குப் போய், முந்தைய டிரைவருக்குத் திரும்ப வைக்கும் ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்துங்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லாமலேயே சத்தம் போகலாம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு இன்டெல் ஆடியோ டிரைவர் ஒன்று தவறுதலாக அனுப்பப்பட்டு, சத்தம் நின்றுபோய், பிறகு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2024 டிசம்பரில், டிராக் ஆடியோ என்ற மென்பொருள் உள்ள லேப்டாப்களில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு ஸ்பீக்கரையும் புளூடூத் ஹெட்செட்டையும் முடக்கியதால், அவற்றுக்கு அந்தப் பதிப்பையே நிறுத்தி வைத்தார்கள்.

ரோல் பேக் பட்டன் மங்கலாக இருந்தால் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் தானாகவே மறுபடி போட்டுக்கொள்ளும். அப்போதும் வராவிட்டால் அப்டேட் டிரைவர் போய், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்ற பொது டிரைவரைப் போட்டுப் பாருங்கள். சத்தத்தின் தரம் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஆனால் அதில் சத்தம் வந்துவிட்டால் கோடெக் உயிரோடு இருக்கிறது, கோளாறு ரியல்டெக் டிரைவரில் என்று தெரிந்துவிடும்.

டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை, டெல் என்றால் சர்வீஸ் டேகை, அங்கே கொடுத்தால் உங்கள் மாடலுக்கு உரியது வரும். தேடலில் முதலில் வந்து நிற்கும் "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" வகை மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். சத்தத்தோடு சேர்த்து வைஃபையையும் இழந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: விண்டோஸுக்கு வெளியே போய்க் கேட்பது

விண்டோஸ் இல்லாமல் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்தது. டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டலாம். ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி, பிறகு எஃப்2. பல மாடல்களில் ஆடியோவுக்கென்று தனிச் சோதனை உண்டு. டொய்ங் என்று கேட்டால் வன்பொருள் நலம். அப்படியே விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள்ளும் போய் ஆடியோ எனேபிளில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் அங்கேயே அணைக்கும் வசதி இருக்கிறது.

இன்னொரு வழி லினக்ஸ் பென்டிரைவ். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளம், உபுண்டு அதில் ஒரு வகை. உபுண்டுவை ஒரு பென்டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்க்கும் வழியில் ஓடவிட்டால் உங்கள் விண்டோஸில் ஒரு கோப்பும் மாறாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பழைய அரசு விலையில்லா மடிக்கணினி என்றால் பென்டிரைவே வேண்டாம். பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். லினக்ஸில் சத்தம் வந்தால் கோளாறு விண்டோஸில்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் லினக்ஸிலும் வராவிட்டால் வன்பொருள் கெட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. மிகப் புதிய லேப்டாப்கள் சிலவற்றுக்கு லினக்ஸில் ஆடியோ ஆதரவு தாமதமாகவே வருகிறது.

லினக்ஸையே அன்றாடம் பயன்படுத்துபவர்கள் டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற சத்தக் கட்டுப்பாட்டு நிரலை ஓட்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் எம்எம் என்று இருந்தால் மியூட். எம் அழுத்தினால் திறக்கும். அதே வரிசையில் ஆட்டோ மியூட் மோட் என்று ஒன்று இருக்கும். அதை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த படியில்.

லினக்ஸில் சத்தம் வந்து, விண்டோஸில் மேலே சொன்ன எதுவும் பலிக்காவிட்டால்தான் விண்டோஸை ரீசெட் செய்ய வேண்டும். கோப்புகளுக்கு நகல் எடுத்த பிறகு.

படி 8: ஜாக்கும் உப்புக்காற்றும்

ஹெட்போன் ஜாக்குக்குள் பின்னைத் தொடும் தகடுகளோடு ஒரு சின்ன சுவிட்சும் இருக்கிறது. பின் உள்ளே போனதும் அந்த சுவிட்சின் நிலை மாறும். கோடெக் அதைப் பார்த்து, "ஹெட்போன் வந்துவிட்டது" என்று ஸ்பீக்கரை நிறுத்தும். பின்னை எடுத்த பிறகும் சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் ஸ்பீக்கர் ஊமைதான். இயர்போனில் சத்தம் வரும், ஸ்பீக்கரில் வராது, விண்டோஸில் எதுவும் மாட்டாதபோதும் ஹெட்போன்ஸ் என்று காட்டும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் குற்றவாளி ஜாக்தான்.

தேவனாம்பட்டினத்திலோ கடலூர் துறைமுகத்திலோ, புதுச்சேரியில் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கமோ குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அலையிலிருந்து பறந்து வரும் நுண்ணிய உப்பு எங்கும் படியும். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும்; மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். நம் ஊரில் இரவு நேரம் அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். ஜாக்கின் தகடுகள் மெல்லியவை. வாய் எப்போதும் திறந்தே இருக்கும். ஜன்னலோர மேசையில் இரவெல்லாம் கிடக்கும் லேப்டாப்புக்கு இது நடப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, என்ன செய்வது? லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இயர்போன் பின்னின் நுனி முறிந்து உள்ளே தங்கியிருப்பதும் உண்டு, பஞ்சும் தூசியும் அடைத்திருப்பதும் உண்டு. ஒன்றும் இல்லையென்றால் நல்ல பின் ஒன்றை மாட்டி, மெல்லச் சுழற்றி எடுங்கள். பத்துப் பதினைந்து முறை. படிந்த அழுக்கு உரசிப் போய், சுவிட்ச் விடுபடும். பாதிப் பேருக்கு இதிலேயே சத்தம் வந்துவிடும்.

வராவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். 99 சதவீதம் என்று இருப்பதை வாங்குங்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெல்லிய பிரஷின் கம்பி முனையை மடக்கிவிட்டு, லேசாக நனைத்து, ஜாக்கில் விட்டுத் திருப்புங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். அரை மணி நேரம் உலரவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை: சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேஃப்டி பின்னோ ஊசியோ வேண்டவே வேண்டாம். அந்த சுவிட்சை நீங்களே ஒடித்துவிடுவீர்கள்.

சுவிட்ச் உண்மையிலேயே ஒடிந்திருந்தால் ஜாக்கை மாற்ற வேண்டும். சில மாடல்களில் அது தனியான சின்ன போர்டில் இருக்கும், எளிது. மதர்போர்டிலேயே ஈயம் வைத்திருந்தால் கைத்திறன் உள்ளவர் தேவை. அதுவரை சமாளிக்க லினக்ஸ்காரர்கள் ஆல்சாமிக்சரில் ஆட்டோ மியூட்டை அணைத்தால், ஜாக் என்ன சொன்னாலும் பல லேப்டாப்களில் ஸ்பீக்கர் பேசும்.

வெள்ளத்தில் நனைந்த கதை வேறு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையிலும், அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்திலும் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த லேப்டாப்கள் நிறைய நனைந்தன. ஸ்பீக்கர் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று. இப்படி நனைந்ததைச் சத்தம் வருகிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அரிசி மூட்டையில் புதைப்பதாலும் பயனில்லை. ஈரம் காய்ந்தாலும் சேறும் உப்பும் போர்டிலேயே தங்கிவிடும். பேட்டரியைப் பிரித்துவிட்டு, போர்டை ஆல்கஹாலால் கழுவத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

படி 9: மூடியைத் திறப்பது

வாரண்டி இருந்தால் இந்தப் படி உங்களுக்கு இல்லை. வாரண்டி முடிந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

பின் மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பது. அடுத்து ஸ்பீக்கர் ஒயரைத் தேடுங்கள். நான்கு மெல்லிய ஒயர்கள் சேர்ந்து போர்டில் ஒரு சின்ன கனெக்டரில் முடியும். எஸ்எஸ்டி மாற்றி, ஃபேன் சுத்தம் செய்து வாங்கிய மறுநாள் சத்தம் போனதென்றால் பெரும்பாலும் இந்தக் கனெக்டர் மாட்டப்படாமல் கிடக்கும். அழுத்தி மாட்டினால் வேலை முடிந்தது.

மாட்டியே இருந்தால் அதைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயருக்கும் இடையே அளந்து பாருங்கள். லேப்டாப் ஸ்பீக்கர்கள் வழக்கமாக 4 ஓம் அல்லது 8 ஓம்; அதை ஒட்டிய எண் வந்தால் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) நலம். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனையை அந்த ஒயர்களில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். டக் என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. ஸ்பீக்கர் போர்டிலிருந்து கழற்றப்பட்டிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஸ்பீக்கர் போயிருந்தால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து ஜோடியாக வாங்குங்கள். மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஒயர் நீளமோ கனெக்டரோ ஒத்து வராமல் போகலாம்.

படி 10: கடைக்குப் போகும்போது

கடையில் "சத்தம் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பச்சை ஆடுது, இயர்போன்ல வருது, ஸ்பீக்கர்ல வரல, ஜாக்கை சுத்தம் பண்ணிட்டேன்" என்று சொல்லுங்கள். இவ்வளவு தெரிந்தவரிடம் "விண்டோஸ் போடணும்" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. வாரண்டி இருக்கிறதா என்று சீரியல் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் மட்டும். கொடுக்கும் முன் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். பாகம் எதையாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கோடெக்கே போய்விட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று சுண்டுவிரல் அளவில் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்குள்ளேயே தனி கோடெக் இருக்கிறது. மாட்டியதும் விண்டோஸும் லினக்ஸும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். அதில் இயர்போனையோ சின்ன ஸ்பீக்கரையோ மாட்டிக்கொள்ளலாம். மைக்கும் சேர்ந்தே கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஒரு யுஎஸ்பி துளையும் போய்விடும். மற்றபடி நன்றாக ஓடும் பழைய லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றச் சொல்வதைவிட இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.